இறாலில் ‘விப்ரியோ காலரே’ இருந்தால் அது காலராவா?

சிங்கப்பூரில் கேட்டரிங் நடத்தும் ஒருவர் கேட்ட கேள்வி இது. வாங்கிய உறைந்த இறாலில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்த அறிக்கையில் ஒரு வரி: ‘விப்ரியோ காலரே உள்ளது; ஓ1 அல்ல, ஓ139 அல்ல.’ பதறிப்போய், “இது காலராக் கிருமிதானே? பெட்டி மொத்தத்தையும் தூக்கிப் போடட்டுமா? இதே கிருமி ஹைட்டியில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதாகப் படித்தேன். இங்கே ஆய்வுக்கூடக் காகிதத்தில் ஒரு சாதாரண வரியாக வந்து நிற்கிறதே, எப்படி?” என்று கேட்கிறார்.

அந்த வரி சொல்வது காலராவை அல்ல. விப்ரியோ காலரே என்ற பெயரில் உலகத்து நீர்நிலைகளில் வாழும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காலராவை உண்டாக்கத் தெரியாது. தெரிந்த சிலவற்றுக்கும் அந்தத் திறமை பிறவியில் வந்ததில்லை, வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்தது. ஒரு கிருமி எதையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறது, வாங்கியதை எப்போது வெளியே எடுக்கிறது, யார் வயிற்றில் எடுக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒன்றைக் கொலைகாரனாகவும் இன்னொன்றைச் சும்மா கிடப்பதாகவும் ஆக்குகின்றன.

இது அடிப்படையில் நீர்வாழ் உயிரி. ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம், அலையாத்திக் காட்டு ஓரம், இறால் குட்டை என வெதுவெதுப்பான, லேசாக உப்புக் கரிக்கும் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். இறால், நண்டு, கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள் ஆகியவற்றின் ஓட்டில் இருக்கும் சிட்டினைத் தின்று வாழும். மனிதக் குடல் அதற்கு இடையில் கிடைக்கும் சத்திரம் போல. கோபிபாட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்வதால்தான், வங்காளதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நான்காய் மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னபோது காலரா 48 விழுக்காடு குறைந்தது. தனிக் கிருமியைத் தடுக்கும் அளவுக்கு எந்தச் சேலையின் இழையும் நெருக்கமானதில்லை. வடிபட்டது கிருமி ஏறியிருந்த வாகனம். ஆகவே, வெப்பமண்டலக் கடலோரத்து இறாலில் விப்ரியோ காலரே தென்படுவது கத்தரிக்காயில் மண் ஒட்டியிருப்பது போன்ற செய்திதான். கழுவவும் சமைக்கவும் வேண்டும் என்பதற்கு மேல் அந்தப் பெயர் மட்டும் எதையும் சொல்வதில்லை.

அறிக்கையில் வரும் ‘ஓ’ எண் என்ன? கிருமியின் வெளிச்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிக்கு ஓ ஆன்டிஜென் என்று பெயர். சங்கிலியின் அமைப்பைப் பொறுத்து 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் ஓ1, ஓ139 இரண்டு மட்டுமே பெரிய கொள்ளைநோய்களை உண்டாக்கியிருக்கின்றன. ஓ1க்குள்ளேயே ஒகாவா, இனாபா என்ற உட்பிரிவுகள் உண்டு. அந்தப் பிரிவு நோயின் கடுமையைக் காட்டாது. பரவலின்போது எது எங்கிருந்து வந்தது என்று தடம் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஓ எண் சட்டையின் நிறத்தைத்தான் சொல்கிறது. ஆயுதம் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டையை மாற்றிக்கொள்ளவும் முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1992 இறுதியில் சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களில் காலரா நோயாளிகள் வந்தார்கள். அறிகுறிகள் அச்சு அசல் காலரா. ஆனால், எடுத்த கிருமி ஓ1ஐ அடையாளம் காட்டும் சோதனைச் சீரத்துக்கு ஒட்டவில்லை. அன்று தெரிந்திருந்த 138 வகைகளில் எதற்கும் ஒட்டவில்லை. எனவே 139 என்று புதிய எண் கொடுத்தார்கள். சில மாதங்களில் அது கொல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் எட்டிவிட்டது. வங்காள விரிகுடாவைச் சுற்றிப் பரவியதால் ‘பெங்கால்’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது. பிறகு மரபணுவைப் பார்த்தால், அது அதற்கு முன்பே பரவிக்கொண்டிருந்த ஓ1 எல் டோர் வகையின் (அதைப் பற்றிப் பின்னால்) உடம்பேதான். ஓ1 சங்கிலியைக் கட்டும் மரபணுத் தொகுதி போய், அந்த இடத்தில் வேறொரு தொகுதி வந்து உட்கார்ந்திருந்தது. ஆயுதங்கள் அப்படியே இருந்தன. மக்களின் நோய் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் அந்தச் சர்க்கரைச் சங்கிலியைத்தான் அடையாளம் வைத்திருந்தது என்பதால், ஓ1 காலராவை ஏற்கெனவே கண்ட பெரியவர்களும் புதிதாக விழுந்தார்கள். வழக்கமாக அந்தப் பகுதிகளில் குழந்தைகளுக்கே அதிகம் வரும் நோய் அந்த ஆண்டு பெரியவர்களைத் தேடி வந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஆயுதங்கள். முக்கியமானவை இரண்டு: காலரா நச்சு, ஒட்டும் இழை.

நச்சு ஆறு துண்டுகளால் ஆனது. ஏ ஒன்று, பி ஐந்து. ஐந்து பி துண்டுகளும் வளையமாக நின்று, சிறுகுடல் உயிரணுவின் மேலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்புச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். ஏ துண்டு உள்ளே போய், உயிரணுவுக்குள் ஒரு புரதச் சுவிட்சைத் ‘திறந்தே’ இருக்கும்படி பூட்டிவிடும். அதனால் சைக்ளிக் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறு ஏறிக்கொண்டே போகும். குளோரைடு குடலுக்குள் கொட்டும். சோடியம் உள்வாங்கப்படுவதும் தடைபடும். தண்ணீர் பின்னாலேயே ஓடும். அரிசி களைந்த கழுநீர் போன்ற மலம், கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போவது இதனால்தான். குடல் சுவர் கிழிவதில்லை, புண்ணாவதில்லை, பெரும்பாலும் காய்ச்சலும் இருப்பதில்லை. கிருமி இல்லாமல் வடிகட்டிய வளர்ப்பு நீர் மட்டுமே முயலின் குடலில் இதைச் செய்யும் என்று 1959இல் நிரூபித்தவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு அவருக்குக் கிடைத்த மரியாதை மிகக் குறைவு.

ஒட்டும் இழைக்கு டிசிபி என்று சுருக்கப்பெயர். கிருமிகள் இந்த இழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிறுகுடலில் கூட்டமாகத் தங்கும். இழை இல்லாத கிருமி எவ்வளவு நச்சு வைத்திருந்தாலும் குடலில் நிலைகொள்ள முடியாமல் அடித்துச் செல்லப்படும்.

இந்த இரண்டுக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. நச்சின் மரபணு கிருமியின் சொந்தச் சொத்தே இல்லை. அது பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸின் மரபணு. சிடிஎக்ஸ் ஃபாஜ் என்று பெயர். அந்த வைரஸ் கிருமிக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிதான் டிசிபி இழை. இதை 1996இல் வால்டோர், மெகலனோஸ் இருவரும் காட்டினார்கள். அதாவது, முதலில் இழை வேண்டும். இழை இருந்தால்தான் நச்சைக் கொண்டுவரும் வைரஸ் எளிதில் உள்ளே வரும். இழையின் மரபணுக்களோ சுமார் 40,000 எழுத்து நீளமுள்ள ஒரு ‘தீவு’; அதுவும் வெளியிலிருந்து வந்து செருகிக்கொண்டதே. இரண்டு படிகளையும் கடந்த கிருமிகள் இயற்கையில் மிகச் சில. இன்னொரு வேடிக்கை: சிட்டின் மேல் வளரும்போது இந்தக் கிருமி சுற்றியுள்ள அறுந்த டிஎன்ஏவை விழுங்கித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. ஓ1 வகையை ஓ139 ஆக மாற்றும் பரிமாற்றம் சிட்டின் மேல் நடக்கக்கூடியது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். இறால் ஓடு அதற்குச் சாப்பாடும் சந்தையும் ஒருங்கே.

இதிலிருந்து உங்கள் அறிக்கைக்கு நேரடியாக ஒரு பாடம் கிடைக்கிறது. சட்டையும் ஆயுதமும் தனித்தனியாக மாறக்கூடியவை என்பதால், நச்சு மரபணு இல்லாத ஓ1 கிருமி நீர்நிலைகளில் கிடைக்கிறது. அது கொள்ளைநோயைக் கிளப்பாது. மறுபக்கம், ஓ1உம் ஓ139உம் இல்லாமலே நச்சு மரபணு சுமக்கும் ஓ75, ஓ141 வகைகளும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பச்சையாகத் தின்ற சிப்பிகளால் 2011 வாக்கில் ஓ75 நோயாளிகள் வந்தார்கள். எனவே ‘ஓ1 அல்ல, ஓ139 அல்ல’ என்ற வரியோடு நின்றுவிடாமல், ஆய்வுக்கூடத்திடம் ‘சிடிஎக்ஸ்-ஏ மரபணுவுக்கு பிசிஆர் செய்தீர்களா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். (நச்சின் ஏ துண்டுக்கான மரபணு அது; பிசிஆர் அதைத் தேடும் சோதனை.) இல்லை என்ற முடிவு வந்தால் காலரா பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆயுதம் உள்ளவற்றுக்குள்ளும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஓ1இல் இரண்டு உயிர்வகைகள்: ‘கிளாசிக்கல்’ என்ற பழையது, ‘எல் டோர்’ என்ற புதியது. 1899 முதல் 1923 வரை நீண்ட ஆறாவது உலகப் பரவல் கிளாசிக்கலின் வேலை. 1873இல் சிங்கப்பூரைத் தாக்கி, அடுத்த ஆண்டே செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறக்க வைத்ததும் எல் டோர் என்ற பெயரே பிறக்காத காலத்துக் காலரா. பிற்பாடு நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம்மவர்கள் பலர் கரை சேருமுன் அந்தத் தீவில்தான் நாள்களை எண்ணினார்கள்.

எல் டோர் முதலில் அகப்பட்டது 1905இல், சினாய்க் கரையிலுள்ள எல் டோர் தனிமைப்படுத்தும் நிலையத்தில். மக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர்களின் உடலில் கண்டார்கள். அவர்கள் காலராவால் இறந்தவர்கள் இல்லை என்பதால், பல காலம் அதை ஆபத்தில்லாத வகை என்றே தள்ளி வைத்திருந்தார்கள். 1961இல் இந்தோனேசியாவின் சுலாவெசியிலிருந்து அது கிளம்பியது. 1963இல் சிங்கப்பூரைத் தொட்டது. பின்னர் ஆசியா முழுவதும், 1970இல் மேற்கு ஆப்பிரிக்காவும், 1991இல் தென்னமெரிக்காவின் பெருவும். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஏழாவது உலகப் பரவல் அதுதான்.

ஆளுக்கு ஆள் பார்த்தால் எல் டோர் லேசானது. கிளாசிக்கல் தொற்றியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர், சில இடங்களில் ஐந்து பேருக்கே ஒருவர் கடுமையாகப் படுத்தார்கள். எல் டோரில் சுமார் 25 முதல் 100 பேருக்கு ஒருவர். மீதிப் பேருக்கு லேசான வயிற்றுப்போக்கு, அல்லது ஒன்றுமே தெரியாது. பிறகு எப்படி லேசானது உலகத்தை வளைத்தது? கடுமையாகப் படுத்தவர் ஊரைத் தாண்டமாட்டார். ஒன்றும் தெரியாதவர் பேருந்து ஏறுவார், விமானம் ஏறுவார், சமையற்கட்டில் நிற்பார். எல் டோர் சுற்றுச்சூழலிலும் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். தொற்றியவர் மலத்தில் நீண்ட நாள் வெளியேறும். ‘வீரியம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் ஒருவரை எவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்று நினைக்கிறோம். ஒரு மாநகரத்தின் சுகாதார அதிகாரிக்கு அந்தக் கணக்கு போதாது. தெரியாமல் பரவும் எல் டோர்தான் அவருடைய தூக்கத்தைக் கெடுப்பது.

இதோடு கதை நிற்கவில்லை. 1990களிலிருந்து வங்காளதேசத்திலும் இந்தியாவிலும், உடம்பு எல் டோர், நச்சு கிளாசிக்கலுடையது என்ற கலப்பு வகைகள் தோன்றின. கிளாசிக்கல் நச்சுக்கும் எல் டோர் நச்சுக்கும் பி துண்டில் இரண்டே அமினோ அமில வேறுபாடுதான். ஆனால், இந்தக் கலப்பினங்கள் பழைய எல் டோரைவிட அதிக நச்சைச் சுரப்பதைக் கண்டார்கள். நோயாளிகளும் முன்பைவிட மோசமாக வறண்டு வந்தார்கள். அதற்குப் பின் நச்சு மரபணுவில் இன்னோர் எழுத்து மாறிய ‘சிடிஎக்ஸ்-பி7’ வகை இந்தியாவில் தென்பட்டது. 2010 அக்டோபரில் ஹைட்டிக்குப் போனது அந்த வகை. நேபாளத்திலிருந்து சென்ற தொற்று. நூறாண்டாகக் காலராவே காணாத மக்கள், எதிர்ப்புச் சக்தி பூஜ்யம், நிலநடுக்கத்தில் நொறுங்கிய குடிநீர் ஏற்பாடு. சுமார் 8,20,000 பேருக்கு நோய், ஏறத்தாழ 10,000 மரணம். கிருமியின் வீரியம் மட்டும் அதைச் செய்திருக்காது. அதே கிருமி தெற்காசியாவில் அந்த அளவு அழிவை உண்டாக்கவில்லை.

உயிர்வகையைக் கண்டுபிடிக்கும் பழைய சோதனைகளை இன்னும் நம்பும் ஆய்வுக்கூடங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாலிமிக்சின்-பி என்ற கிருமிக்கொல்லி மருந்து 50 அலகு தோய்த்த வட்டைச் சுற்றி வளர்ந்தால் எல் டோர், வளராவிட்டால் கிளாசிக்கல் என்று பாடப்புத்தகம் சொல்லும். கொல்கத்தாவில் 2012 வாக்கிலிருந்து பாலிமிக்சினுக்கு மடியும் எல் டோர்கள் பெருகிவிட்டன. அந்த ஒரு வட்டை வைத்து ‘கிளாசிக்கல் திரும்பிவிட்டது’ என்று யாராவது எழுதினால் நம்பவேண்டாம். கிளாசிக்கல் 1990களின் தொடக்கத்துக்குப் பின் களத்தில் காணப்படவில்லை. இன்று மரபணுச் சோதனை இல்லாமல் உயிர்வகை சொல்லக்கூடாது.

அடுத்தது, வாங்கிய ஆயுதத்தை எப்போது எடுப்பது என்ற விஷயம். நச்சு மரபணு இருக்கும் கிருமியும் ஆற்றுத் தண்ணீரில் நச்சைச் சுரந்துகொண்டு திரிவதில்லை. வீண் செலவு அது. டாக்ஸ்ஆர், டிசிபிபி என்ற இரு காவலர்கள் கிருமியின் உள்சவ்வில் நின்று சூழலைப் பார்க்கிறார்கள். அவர்கள் கீழே டாக்ஸ்டி என்ற தளபதியை எழுப்ப, அவர்தான் இழையையும் நச்சையும் ஒருசேரக் கிளப்புகிறார். பித்தத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் டாக்ஸ்டியைக் கட்டிப்போடும். சிறுகுடல் சுவர் சுரக்கும் பைகார்பனேட் அதை ஊக்கும். ஆகவே குடலின் நடுவே, பித்தம் கலந்த உணவுக்குழம்பில் நீந்தும்போது ஆயுதம் உறைக்குள். சளியைத் துளைத்துச் சுவரை நெருங்கியபின் வெளியே. எங்கே பயன்படுமோ அங்கே மட்டும் செலவழிக்கும் கஞ்சத்தனம்.

கூட்டத்தைப் பொறுத்தும் அது நடத்தையை மாற்றும். கிருமிகள் ஒன்றுக்கொன்று வேதிச் சைகை அனுப்பி எண்ணிக்கையை அறியும். பல நோய்க்கிருமிகள் கூட்டம் பெருகியபின்தான் தாக்கும். காலரா தலைகீழ்: கூட்டம் குறைவாக இருக்கும்போது இழையும் நச்சும் ஓடும். நெரிசலானதும் ஹாப்ஆர் என்ற புரதம் எழுந்து அவற்றை நிறுத்தி, ஒட்டியதைப் பிரித்து விடும் நொதியைச் சுரக்க வைக்கும். வேலை முடிந்தது, அடுத்த ஆளைப் பார்க்கக் கிளம்பு என்பது போல. 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக முழு மரபணுத்தொகுதி படிக்கப்பட்ட என்16961 என்ற புகழ்பெற்ற எல் டோர் வகையில் இந்த ஹாப்ஆர் பழுதாகியிருக்கிறது. அந்த ஒன்றை வைத்து எல்லா எல் டோருக்கும் பொதுவிதி எழுதியவர்கள் சில இடங்களில் சறுக்கினார்கள்.

புதிதாக வெளியேறிய கழுநீர் மலத்தில் இருக்கும் கிருமி இன்னும் ஆபத்தானது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடி முதல் நூறு கோடி வரை இருக்கக்கூடும். எண்ணிக்கை மட்டுமா, தரமும் வேறு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அதே கிருமியோடு போட்டி வைத்தால், நோயாளியிடமிருந்து வந்தது எலிக்குட்டியின் குடலில் பல நூறு மடங்கு வரை முந்துகிறது. இந்த முறுக்கு தண்ணீரில் சில மணி நேரம் இருந்து, ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். வீட்டுக்குள் ஒருவருக்கு வந்தால் அடுத்தடுத்தவருக்கு ஏன் அவ்வளவு விரைவில் வருகிறது என்பதற்கு இது ஒரு காரணம். கழிவறையையும் கையையும் ‘நாளைக்குக் கழுவலாம்’ என்று விடக்கூடாததற்கும் இதுவே காரணம்.

யார் வயிறு என்பது கடைசிக் கணக்கு. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குச் சாதாரணத் தண்ணீரில் கொடுத்தபோது, நோய் வர பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. சமையல் சோடாவைக் கரைத்து இரைப்பை அமிலத்தை முறித்துவிட்டுக் கொடுத்தால் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் போதும். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரஸோல் தினமும் விழுங்குபவர், இரைப்பையில் பாதி அறுத்தெடுத்தவர் ஆகியோரின் நிலை அந்த இரண்டாம் கணக்கு. உணவோடு சேர்ந்து போனாலும் அமிலத்திலிருந்து ஓரளவு காப்புக் கிடைக்கும். ஓ இரத்தப் பிரிவினருக்குக் காலரா தொற்றினால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். (இரத்தப் பிரிவின் ஓவுக்கும் கிருமியின் ஓவுக்கும் சம்பந்தமில்லை. குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.)

சரி, நச்சு மரபணு இல்லை என்று முடிவு வந்தால் அந்த இறால் கிருமி முழுச் சாதுவா? இல்லை. வேறு சில்லறை ஆயுதங்கள் அதற்கு உண்டு: இரத்தச் சிவப்பணுக்களைக் கரைக்கும் ஹீமோலைசின், உயிரணுவின் உட்சட்டத்தைக் குலைக்கும் ஆர்டிஎக்ஸ் நச்சு, சிலவற்றில் ஊசிபோல் புரதத்தைச் செலுத்தும் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு. இவற்றால் சில நாள் வயிற்றுப்போக்கு, சிலருக்கு இரத்தம் கலந்தும் வரலாம். நலமாக இருப்பவருக்கு அது தானே அடங்கும். கல்லீரல் சுருங்கியவர், எதிர்ப்புச் சக்தி குன்றியவர், நீரிழிவு முற்றியவர் ஆகியோருக்கு மட்டும் இது இரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். கையில் வெட்டுக்காயத்தோடு இறால் உரிப்பவருக்குக் காயம் வழியாகவும் நுழையும். காலரா நச்சே எல்லாம் என்று நினைப்பது தவறென்று தடுப்பூசி ஆய்விலும் தெரிந்தது. நச்சின் ஏ பகுதியை நீக்கிய உயிருள்ள கிருமியைக் குடித்த தன்னார்வலர்கள் சிலருக்கும் லேசான வயிற்றுப்போக்கு வந்தது.

சமையற்கட்டில் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள். 1991இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் தாய்லாந்திலிருந்து போன உறைந்த தேங்காய்ப்பாலால் காலரா வந்திருக்கிறது. சூடுதான் வழி. நடுப்பகுதி 75 டிகிரியை எட்டவேண்டும். இறாலுக்கு அது சுலபம். நண்டில்தான் ஏமாறுவோம். 1978இல் லூயிசியானாவில் நண்டால் வந்த காலராவுக்குப் பின் சோதித்தபோது, 8 நிமிடம் வேகவைத்த நண்டிலும், 25 நிமிடம் ஆவியில் அவித்ததிலும் கிருமி பிழைத்திருந்தது. ஓடு சிவந்ததை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. மிளகாய் நண்டுக்கு முழு நண்டை வெட்டிப் போடும் வழக்கம் இந்த விஷயத்தில் நல்லது, சூடு உள்ளே போகும். உறைந்ததை இளக்கும்போது வடியும் தண்ணீர்தான் மிக மோசமான பொருள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், தட்டின் மேல் வைத்து, 4 டிகிரியில் இளக்குங்கள். அந்தப் பலகை, கத்தி, துணி எதுவும் வெள்ளரிக்காய்ப் பக்கம் போகவேண்டாம். 2009இல் சிங்கப்பூரின் கேலாங் சிராயில் இந்திய ரொஜாக் சாப்பிட்டு 154 பேர் நோயுற்று இருவர் இறந்தது இந்தக் கிருமியின் பங்காளி விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸால்; பச்சைக் கடலுணவிலிருந்து சமைத்த உணவுக்குத் தாவியதுதான் அங்கே நடந்தது. சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் வையுங்கள், அல்லது சீக்கிரம் குளிரவைத்து 4 டிகிரிக்குக் கீழே கொண்டுபோங்கள். நடுவே விட்டால் கிருமி வேகமாகப் பெருகும்.

ஆய்வுக்கூடம் என்ன செய்கிறது என்று தெரிந்திருந்தால் கேள்வி கேட்கச் சுலபம். 25 கிராம் இறாலை 225 மில்லிலிட்டர் காரப் பெப்டோன் நீரில் கலக்கி 6 முதல் 8 மணி நேரம் வைப்பார்கள். அதிலிருந்து டிசிபிஎஸ் என்ற வளர்ப்பூடகத் தட்டில் இழுத்தால், 18 முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் திட்டுகள் வளரும்; பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாக வரும். விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் என்ற இன்னொரு பங்காளியும் மஞ்சளாக வருவதால், நிறத்தோடு நிறுத்தினால் பொய் முடிவு. பெப்டோன் நீரை ஓரிரவு மறந்துவிட்டால் மற்றக் கிருமிகள் மேலேறி மூடிவிடும். பிறகுதான் ஆக்சிடேஸ், ஓ1, ஓ139 சீரங்கள், கடைசியில் பிசிஆர். நோயாளியின் மலத்துக்குப் பயன்படும் துரிதக் குச்சிச் சோதனை ஓ சங்கிலியை மட்டும் பார்க்கிறது. நச்சு இருக்கிறதா என்று அது சொல்லாது.

ஒருவருக்குக் கழுநீர் போல வயிற்றால் போக ஆரம்பித்தால் வகையை ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை, தேவையும் இல்லை. நச்சு சாதாரண சோடியம் வாசலை அடைத்தாலும், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் வாசலைத் தொடுவதில்லை. எல்லா வகைக்கும் அது பொருந்துவதால், ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் எல்லா வகைக்கும் வேலை செய்கிறது. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தட்டையான ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. சுவை கண்ணீரைவிட உப்பாக இருக்கக்கூடாது. கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மெல்லத் திரும்பி, குடிக்கவும் முடியாமல் சோர்ந்தால் பலதுறை மருந்தகத்தில் வரிசை பிடிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். மருத்துவமனையில் பெரியவருக்கு ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசலை உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டர் கணக்கில் நரம்பு வழியாக, முதல் 30ஐ அரை மணியிலும் மீதி 70ஐ இரண்டரை மணியிலும் ஏற்றுவார்கள். கிருமிக்கொல்லியான டாக்ஸிசைக்ளின் 300 மில்லிகிராம் ஒரே வேளை துணை மருந்து மட்டுமே. தண்ணீர்தான் உயிரைக் காப்பது. கவனிக்காமல் விட்டால் கடுமையான நோயாளிகளில் பாதிப் பேர்வரை இறக்கக்கூடிய நோயில், நேரத்தில் திரவம் கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறப்பதில்லை.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். சிடிஎக்ஸ்-ஏ முடிவு வரும்வரை அந்தத் தொகுதியைத் தனியே உறைநிலையில் வையுங்கள். தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லை என்று வந்தால் நன்றாக வேகும் பதார்த்தங்களுக்குப் பயன்படுத்தலாம். அரைவேக்காட்டு சாலட்டுக்கோ முதியோர் இல்லத்து ஆர்டருக்கோ வேண்டாம். உள்ளது என்று வந்தால், அல்லது ஓ1, ஓ139 என்று அறிக்கை திருத்தப்பட்டால், எறியவும் கூடாது, சமைக்கவும் கூடாது. பெட்டியை மூடி முத்திரையிட்டு, விநியோகித்தவருக்கும் சிங்கப்பூர் உணவு அமைப்புக்கும் அன்றே தெரிவியுங்கள். அதே தொகுதி இன்னும் எத்தனை கடைகளுக்குப் போயிருக்கிறது என்று அவர்கள் தேட அந்தப் பெட்டியும் எண்ணும் தேவைப்படும்.